உடன் வருபவர்

"இதைச் செஞ்சவங்க மட்டும் என் கையில கிடைச்சா..."

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், தொடுதிரையின் முன் நின்ற அந்த உயரமானவன் பல்லைக் கடித்தான். வெளியே மழை... தலையெல்லாம் ஈரம். ஒரு கண் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. இன்னொன்று, பார்க்கவே கூடாது என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றும் அளவுக்கு அழகாக இருந்தது.

அவள் மெல்ல எழுந்தாள்.

"கிடைச்சாச்சு. சொல்லுங்க."

"நீங்களா?"

"திரையில எது எங்க இருக்கணும், என்ன வார்த்தை வரணும்னு பாக்கறது நான்தான். டிசைனர்."

"அப்போ இவ்வளவு நேரமா நான் தவிக்கறத வேடிக்கை பாத்துட்டா இருந்தீங்க?"

"அதுதாங்க என் வேலை. நடுவுல சொல்லிக் குடுத்துட்டா, எங்க தப்புன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

"நான் நீச்சல் சொல்லிக் குடுக்கறவன், மேடம். ஆளைத் தண்ணியில தள்ளிட்டுக் கரையில உக்காந்து பாத்துட்டிருந்தா, என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க!"

அவள் சிரித்துவிட்டாள்... இப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலம்! சிரித்தபடியே திரையைப் பார்த்தவளுக்கு முகம் மாறியது.

கண்ணில் வளர்ந்த சதையை எடுக்க நாள் குறிக்க வந்திருந்தான். 'உடன் வருபவரின் கைபேசி எண்' என்ற இடத்தில் தன் எண்ணையே போட்டிருந்தான். திரை சிவப்பு எழுத்தில் கண்டித்தது: 'உங்கள் எண்ணையே தர இயலாது. வேறொருவரின் எண்ணைத் தரவும்.'

அவள் எழுதிய வாக்கியம். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து இழைத்தது.

"வேற யாராவது... அம்மா, அண்ணன், ஃப்ரெண்டு..."

"அம்மா இல்ல. அண்ணன் பேசறதில்ல. இன்னும் ஏதாவது குறிச்சுக்கணுமா?"

"என் நம்பரைப் போட்டுக்கோங்களேன்..." வாய் முந்திக்கொண்டது.

அவன் முகம் இறுகியது. "பாவம் பாக்கறீங்களா? வேண்டாம்." விறுவிறுவென்று மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அன்று மாலை அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டவள், கதவருகிலேயே நின்றாள். தன் கண்ணுக்கு ஒன்று என்றால் யார் எண்ணைப் போடுவாள்? அக்கா கடல் தாண்டி இருக்கிறாள். அவள் விழிக்கும் நேரத்தில் இவள் தூங்கியிருப்பாள். அலுவலகத்தில் எல்லோரிடமும் எல்லாம் கேட்கிறவள்... அவளிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

மறுநாள், நடந்ததைக் கேட்ட புரோகிராமர் அலட்சியமாகச் சொன்னான். "அந்தக் கட்டத்தையே தூக்கிடலாம்க்கா. ரெண்டு நிமிஷ வேலை."

அவள் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. தலைமை நர்ஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"தூக்கிடுவீங்களா? கட்டுப் போட்ட கண்ணோட ரோட்டைத் தாண்ட யார் விடுவா?" சிஸ்டர் பொரிந்து தள்ளினார். "எனக்கு நம்பர் எதுக்கும்மா? வீடு வரைக்கும் ஒரு ஆள் போகணும், அவ்வளவுதான். ஆள் இல்லைன்னா நாங்களே அனுப்புவோமே! யாராவது எங்களைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டவள்... இவரைக் கேட்கவில்லை. மூவருமாக உட்கார்ந்து, காகிதத்தில் புதிய திரையை வரைந்தார்கள்.

அடுத்த வாரம், வலி தாங்காமல் அவன் மறுபடி வந்தான். அவள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"இது இன்னும் முடியல... நீங்க பாத்துத் திட்டணும்."

காகிதத்தில் பெரிய பொத்தான்: 'உடன் வர யாரும் இல்லை.'

அவன் காகிதத்தை வாங்கிப் படித்தான்.

"இதை நானே என் விரலால அழுத்தணுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பென்சிலை நீட்டினாள். அவன் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினான்: 'தனியாக வருகிறேன்.'

"இது போதும்," என்றான்.

"நானும்..." அவள் குனிந்துகொண்டாள். "நானும் இதைத்தாங்க அழுத்தியிருப்பேன்."

அவன் பென்சிலை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு போனான்.

அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணில் கட்டோடு ஊழியரின் கையைப் பிடித்து வெளியே வந்தவன், எதிரில் அவளைப் பார்த்துத் திகைத்தான்.

"திரை சரியா வேலை செய்யுதான்னு பாக்க வந்தீங்களா?"

"இன்னிக்கு நான் லீவு." அவன் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டால்? "பாவம் பாத்து வரலங்க. நீங்க கோவமாப் போன அந்த வாரம் முழுக்க ஒரு வேலையும் ஓடல... வாசலையே பாத்துட்டு இருந்தேன். நீங்க வந்துட மாட்டீங்களான்னு..."

ஊழியர் கனைத்தார். "நான் வேணா கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா, சார்?"

அவர் நகரும்வரை அவன் காத்திருந்தான். கட்டில்லாத அந்த ஒற்றைக் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்குக் கோவமாப் போனேன்ல... பாதி வழியில திரும்பி வந்தேன். நீங்க அந்தத் திரை முன்னாடி தனியா நின்னுட்டிருந்தீங்க. கண்ணாடிக் கதவுக்கு வெளியவே மழையில நின்னேன்... உள்ள வரத் தைரியம் வரல." மூச்சை இழுத்துவிட்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க... ரொம்பப் பிடிச்சிருக்கு."