பச்சைத் துண்டு வேண்டாம்

ஹந்தானை மலையில் பழைய துரை பங்களா ஒன்றைச் சோதிலிங்கம் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். திறப்பு விழா விளம்பரத்துக்கு ஏஐயிடம் படம் வாங்கிக் கொடுப்பது என் வேலை. என்ன வேண்டும் என்று அதற்கு விளங்குகிறபடி எழுதத் தெரிய வேண்டும். அந்த எழுத்தைத்தான் ப்ரொம்ப்ட் என்கிறோம்.

கேற்றடியில் ஒருவர் என் ஓட்டோவை மறித்தார். பெயர் அழகர்.

“அம்மா, என் சம்சாரம் இராஜேஸ்வரி இங்கதான் மண்ணு தூக்குனா. மண் சரிஞ்ச அன்னைக்கு வேலைக்கு வந்தவ, வீட்டுக்கு வரவே இல்ல. உள்ள கேட்டுச் சொல்லுங்கம்மா.”

கேட்டேன்.

“சரிவுக்கு முதலே அவள் வெளிக்கிட்டுட்டாள், பிள்ளை. ஆரோடையாவது ஓடியிருப்பாள்.” சோதிலிங்கம் சாவகாசமாகத் தேத்தண்ணி குடித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுசியைக் காணவில்லை என்றால் பேசுகிற பேச்சா இது?

பின்னறையில் மடிக்கணினியைத் திறந்தேன். பகல்தான். ஆனாலும் யன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கி, அறை மங்கிக் கிடந்தது. எங்கிருந்தோ ஈரமண் மணத்தது. புதிதாகப் பதித்த புல்தரையின் போட்டோவைக் கொடுத்து, ‘காலை வெயில், வெறும் புல், தூரத்தில் மலை’ என்று எழுதினேன்.

படத்தில், மதிலோரம் ஓர் உருவம்.

மறுபடி எழுதினேன்.

கிட்ட வந்திருந்தது.

முகமும் தெரியவில்லை, உடுப்பும் தெரியவில்லை. வெறும் சாம்பல் நிறம்.

“ஐயா, படத்துக்குள்ள ஒரு ஆள் வந்து நிக்குது,” என்றேன்.

வாசலில் நின்ற சோதிலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். “வேண்டாம் எண்டு எழுது!”

“வேண்டாததின்ரை பேரை எழுதக்கூடாது, ஐயா. யானை வேண்டாம் எண்டால் யானைதான் வரும்.”

“எனக்குப் படிப்பிக்காதை!”

கணினியைப் பறித்தார். படத்தை ஏறெடுத்தும் பாராமல் தட்டினார்.

பொம்பிளை வேண்டாம்.

பச்சைத் தலைத்துண்டு வேண்டாம்.

இடுப்புவரை மண் வேண்டாம்.

கையை நீட்டிக் கூப்பிட வேண்டாம்.

பெண் என்று நான் சொல்லவே இல்லை.

படம் வந்தது. அவர் எழுதிய அத்தனையும் அதில் இருந்தது.

“அவள் கூப்பிட்டது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் கணினியை மூடப் பார்த்தார். அடப் பாவி! உயிரோடு புதைந்து நின்றவளைப் பார்த்திருக்கிறான். ஆட்களைக் கூப்பிட்டால் விசாரணை வரும், வேலை நிற்கும் என்று, அவள் கத்தக் கத்த விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிறகு மேலே மண்ணை நிரப்பிப் புல்லும் பதித்திருக்கிறான்.

கணினியைப் பிடுங்கிக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். படத்தைப் பார்த்த அழகர் தலையில் அடித்துக்கொண்டார். “என் இராஜேஸ்தாம்மா! அந்தத் துண்டு நான் வாங்கிக் குடுத்தது.”

தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மதிலோரம்தான் கிடந்தாள். கை நீட்டியபடியே இருந்தது. சோதிலிங்கத்தைப் பொலிஸ் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, கெலிஓயாவில் என் வீட்டுக்கு அழகர் வந்தார்.

“மாட்டி வைக்க ஒரு படம் செஞ்சு தாங்கம்மா. சிரிச்ச மாதிரி.”

அடையாள அட்டைப் படத்தை வைத்து எழுதினேன்: கதிரையில் இருக்கிறாள், வாய் நிறையச் சிரிக்கிறாள்.

இருந்தாள். சிரிக்கவில்லை.

“கோவம் போகலம்மா,” என்றார் அழகர் மெதுவாக. “அந்தாளு இன்னைக்குப் பிணையில வந்துட்டாராமே. வீட்டுல தனியா இருக்காராம்.”

எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றாமல் இன்னொரு தரம் தட்டினேன்.

கதிரை மட்டும் வந்தது.

இருக்கையில் ஈரமண்.

அழகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சோதிலிங்கத்தின் நம்பர் என் போனில்தான் இருந்தது. ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம்.

போனை நான் தொடவில்லை.