தகரம் தட்டாத தீ

ஓவியா மூச்சை வெளியே விட்டபோது கரும்புச் சோகை கருகிய வாடை அடித்தது. ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று ராஜாத்தி முதலில் நினைத்தாள். ஆனால் ஜன்னல் இடுக்கெல்லாம் காலையிலேயே ஈரத்துணி திணித்தாயிற்று. மகளின் முகத்தருகே குனிந்து பார்த்தாள். இப்போதுதான் பால் குடித்த பிள்ளையின் வாயிலிருந்து, எரிந்த வயலின் வாடை.

மார்கழி வந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இதே பாடுதான். இந்தப் பக்கமும் மலை, அந்தப் பக்கமும் மலை. நடுவில் ஆளாளுக்குக் கரும்பை வெட்டிவிட்டு, மிஞ்சுகிற காய்ந்த சோகைக்குத் தீ வைத்தால் புகை எங்கே போய்த் தொலையும்? பனி அதை மேலே ஏறவிடாமல் அமுக்கி, வீட்டுக்கு வீடு பங்கு வைத்துக் கொடுத்துவிடும். ஓவியாவுக்கோ வீசிங். போன வருஷம் தேனி ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்த பிள்ளை. அதனால்தான் இந்த முறை ராஜாத்தி வயல் வயலாகப் போய்ச் சண்டை போட்டாள். கொளுத்தாதீர்கள், மண்மேல் பரப்பி மூடாக்காகப் போடுங்கள் என்றாள். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினாள். பேர் கெட்டால் கெட்டுப்போகட்டும், பிள்ளைக்கு மூச்சு வேண்டும். அக்கம்பக்கத்துக்காரர்கள்கூடக் கேட்டுக்கொண்டார்கள். கட்டியவன் கேட்கவில்லை. நேற்று அவள் மருந்து வாங்கத் தேனிக்குப் போன நேரம் பார்த்து, சுருளிராஜன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தங்கள் வயலிலேயே தீ வைத்துவிட்டான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வரச்சொன்ன ஆட்டோக்காரர், புகையில் ரோடே தெரியவில்லை, மெதுவாகத்தான் வரமுடியும் என்று போனில் சொல்லியிருந்தார். இன்ஹேலரை எத்தனை முறை அடித்தும் இளைப்பு அடங்கவில்லை. ராஜாத்தி மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். கொதிக்கும் உலைபோல உள்ளே கரகரப்பு. அதற்கு அடியில், சற்றுத் தள்ளி, இன்னொரு மூச்சு. ஓவியா இழுக்கும்போது அது விட்டது. ஓவியா விடும்போது அது இழுத்தது. பிள்ளை தூக்கம் கலையாமலே பேசினாள்.

"அம்மா, உள்ள ஒண்ணு ஒதுங்கியிருக்கு. அதுக்கு ஒடம்பெல்லாம் எரியுதாம்."

ராஜாத்தி சட்டென்று நிமிர்ந்து, கட்டிலருகே நின்ற புருஷனைப் பார்த்தாள். சோகைக்குத் தீ வைக்குமுன் வயலைச் சுற்றித் தகரம் தட்டிக்கொண்டே போவது அந்தப் பக்கத்து வழக்கம். தீ வருது, வெளியே போயிருங்க என்று சத்தம் கொடுப்பார்கள். அதன்பிறகு மூன்று பக்கம் மட்டும் பற்றவைத்து, நாலாவது பக்கத்தை வழியாக விடுவார்கள். எலி போகும், பாம்பு போகும். பேர் சொல்லக்கூடாததும் போகும் என்பார்கள்.

"தகரம் தட்டுனீகளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தட்டுனா அங்கன இங்கன இருக்க ஆளெல்லாம் ஒன்கிட்டச் சொல்லிருவாகள்ல. நீ பஸ்ஸு எறங்குறதுக்குள்ள முடிச்சிரணும்னு நாலு பக்கமும் வச்சுட்டேன்."

ஓவியாவின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. ராஜாத்திக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. தப்பு செய்தது ஒருத்தன், அடைக்கலம் புக என் பிள்ளையின் நெஞ்சுதான் கிடைத்ததா? ஊரையே எதிர்த்து நின்றவள், இதற்கா பயப்படுவாள்?

மூலையில் கிடந்த காலி எண்ணெய் டின்னையும் கரண்டியையும் எடுத்தாள். வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். போக ஒரு வழி வேண்டுமே. பிறகு கட்டிலைச் சுற்றித் தட்டிக்கொண்டு நடந்தாள். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று சுருளிராஜன் கையைப் பிடித்தான். உதறினாள்.

"தீயெல்லாம் அணைஞ்சுபோச்சு. வழி விட்டாச்சு. எம்பிள்ளைய விட்டு வெளிய போ."

டங். டங். டங்.

இளைப்பு நின்றது.

இரண்டு மூச்சும் நின்றன. வாசலில் தேங்கியிருந்த புகை மெல்ல விலகி, நடுவே ஓர் ஆள் போகும் அகலத்துக்கு இடம் விட்டது.

ஓவியாவின் வாய் திறந்தது. இன்னும் திறந்தது. பல்லுக்குப் பின்னால் கரியாக ஏதோ அசைந்தது. நாக்கு இல்லை. விரல். நான்கு விரல்கள். உள்ளிருந்து வந்து கீழுதட்டைத் தடவின. பிடிமானம் தேடின.

சுருளிராஜன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான். ராஜாத்தி நகரவில்லை. டின்னைப் போட்டுவிட்டு அந்த விரல்களை எட்டிப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை.

"வாடி வெளிய."

கட்டில் சட்டத்தில் காலை ஊன்றி இழுத்தாள். மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. தோல் உரிந்த கரிக்கை அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டது. அந்தக் கையின் முழங்கையை, பின்னாலிருந்து இன்னொரு கரிக்கை பிடித்திருந்தது. அதை, குழந்தையுடையதுபோல ஒரு சின்னக் கரிக்கை பிடித்திருந்தது. ராஜாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.