ஏழாம் பாத்தியின் கடைசிப் படம்

பாஸ்கலின் இமைகளில் உப்பு பூத்திருந்தது!

மரக்காணம் உப்பளம். ஏழாம் பாத்தி. காலை எட்டு மணி. மேஸ்திரி பாஸ்கல், உப்புக் குவியலுக்குப் பின்னால் மண்டை பிளந்து கிடந்தான். அவன் செல்போனைக் காணவில்லை.

போலீஸ் ஜீப்பில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான் பாவாடை. உப்பு வாருகிற கூலி. முந்தின நாள் பாஸ்கலோடு சண்டை போட்டதுதான் அவன் செய்த ஒரே குற்றம்.

"நான் இல்லீங்கம்மா! எம் புள்ள மேல சத்தியம்!"

இன்ஸ்பெக்டர் சந்தியாவிடம் இருந்தது ஒரே ஒரு துப்பு. ஒரு மெயில்!

தினமும் மாலை ஆறு மணிக்கு உப்புக் குவியலைப் படம் பிடித்து ஆபீஸுக்கு மெயிலில் அனுப்புவது பாஸ்கலின் வேலை. நேற்றும் அனுப்பியிருந்தான். அந்தப் படத்தில் வேறு யாராவது விழுந்திருந்தால்... பாவாடை தப்பலாம்.

ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை!

"ஃபைல் கிரியேட் பண்ண முடியலன்னே வருது மேடம்," என்றார் முதலாளி சிவப்பிரகாசம். சுவர் முழுக்க அவருடைய பட்டங்கள். உப்புச் செம்மல், தொழில் ஞாயிறு, ஏதோ ஒரு தீவுப் பல்கலைக்கழகத்தின் டாக்டர். கம்ப்யூட்டருக்கு மட்டும் பதினெட்டு வயது. "எல்லாம் விதி! பேசாம பாவாடையைக் கூட்டிட்டுப் போங்க."

அனுமந்தையிலிருந்து வந்திருந்த சிஸ்டம் சர்வீஸ் பெண் ஆரோக்கியசெல்வி, கீபோர்டைக் கவிழ்த்து உப்பை உதறினாள்.

"சர்வர்ல காப்பி இருக்குமா?" சந்தியா கேட்டாள்.

"இருக்காது மேடம். இந்தக் கிழட்டு சாஃப்ட்வேர் மெயிலை இறக்கினதும் அங்க அழிச்சிடும்." செல்வி திரும்பினாள். "சார், இதை நீங்க திறந்து பார்த்தீங்களா?"

"நானா? நேத்து அஞ்சு மணிக்கே பாண்டிச்சேரி போயிட்டேன்மா. விருது விழா! காலைலதான் வர்றேன்."

"ஆபீஸ் சாவி?" என்றாள் செல்வி.

"என்கிட்ட மட்டும்தான்! டிசிப்ளின்மா, டிசிப்ளின்!"

ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்த செல்வியின் விரல்கள் சட்டென்று நின்றன.

"மேடம்... படம் கெட்டுப் போகல. இதுல அட்டாச்மென்ட்டைத் திறக்கிறப்பல்லாம் ஒளிஞ்சிருக்கிற ஒரு ஃபோல்டர்ல ஒரு காப்பி விழும். ஒரே பேர்ல தொண்ணூத்தொம்பது காப்பி ஆயிடுச்சுன்னா, அப்புறம் திறக்காது."

"அதனால?"

"காப்பிகள்ல பதிவாகியிருக்கிற நேரப்படி, நேத்து ராத்திரி எட்டு மணியிலேர்ந்து விடியற வரைக்கும்... இந்த ரூம்ல உக்காந்து... யாரோ இதே படத்தைத் தொண்ணூத்தொம்பது தடவை திறந்து பார்த்திருக்காங்க!"

சிவப்பிரகாசத்தின் இடுப்பில் சாவிக்கொத்து கிலுகிலுத்தது!

செல்வி மானிட்டரைச் சந்தியா பக்கம் திருப்பினாள். ஒரு காப்பியைத் தட்டினாள்.

உப்புக் குவியல்... பின்னால் வெள்ளைச் சட்டை... கையில் கடப்பாரை... பக்கத்து அளத்தின் எல்லைக் கல்லை நெம்பிக்கொண்டிருந்தார் தொழில் ஞாயிறு!

"பாஸ்கல் பார்த்துட்டான்... அதே கடப்பாரையால..." என்றார் சிவப்பிரகாசம். "படத்துல முகம் தெரியுதான்னு பார்த்துட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சிச்சு!"

விலங்கு கை மாறியது. ஜீப்பிலிருந்து இறங்கிய பாவாடை அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"ஏன் சார், மெயிலை அழிச்சிருக்கலாமே?" என்றாள் செல்வி.

"டெலீட் எல்லாம் டைப்பிஸ்ட் அமராவதிதான் பண்ணும்... அது லீவு!"

சந்தியா அவரை ஜீப்பில் ஏற்றினாள்.

"கவலைப்படாதீங்க டாக்டர்! ஜெயில்ல கம்ப்யூட்டர் கிளாஸ் ஃப்ரீ!"