கைக்குள் வைத்த துண்டு

உடம்பு முழுக்க வேர்த்து வழிந்தது. அந்த ஓர் இடம் மட்டும் வேர்க்கவில்லை.

சித்தூரில் மே மாதத்துப் பகல். கரண்ட் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. வேலை பார்க்கிற வார்டு சச்சிவாலய ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்த ரூபா, சமையலறைச் சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் நசநசவென்றிருக்க, இடது முன்கையின் உட்பக்கம் தையல் தழும்பைச் சுற்றி ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தோல் காய்ந்து கிடந்தது. விரல் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

அங்கேதான் அவளுடைய சினைப்பையின் துண்டு இருந்தது.

டிகிரி இரண்டாம் வருஷத்தில் கழுத்தில் கட்டி வந்தது. கேன்சர் என்றார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கீமோ மருந்து சினைப்பையைக் கருக்கிவிடும் என்றாள். ஒரு பையை முன்னாலேயே எடுத்து, துண்டு போட்டு, உறையவைத்து விடலாம். பிழைத்து வந்ததும் திரும்ப உள்ளே வைத்துக்கொள்ளலாம். பிழைத்தால் என்று அவள் சொல்லவில்லை, பிழைத்து வந்ததும் என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே ரூபா தலையாட்டினாள்.

பிழைத்தாள். படிப்பை முடித்தாள். அவள் குடும்பத்தில் டிகிரி என்பதைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவள். வேலைக்குப் போனாள், பரணியைக் கட்டிக்கொண்டாள். மாதவிலக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை. வயிற்றுக்குள் வைத்துப் பார்த்த துண்டுகள் பிடிக்கவில்லை. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறதாம். மிச்சமிருந்த கடைசித் துண்டை டாக்டரம்மா முன்கைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தாள். ரத்தம் ஓடுகிற இடமாக இருந்தால் போதும், அங்கேயே முட்டை விளையும், ஊசி போட்டு எடுத்து வெளியே கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கலாம் என்றாள். பரணிக்கு அது பெரிய வேடிக்கை. "இனிமே வாட்ச்ச வலது கையில கட்டிக்கோ. இங்க எம் புள்ள தூங்கிக்கினு கீது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சில மாதம் கழித்து விலக்கு வந்தது. பாத்ரூமில் ரத்தத்தைப் பார்த்து ரூபா வாய்விட்டுச் சிரித்தாள். போன வாரம் ஸ்கேனில் முட்டை வளர்வது தெரிந்தது. இன்று சாயங்காலம் திருப்பதிக்குக் கிளம்ப வேண்டும். நாளைக் காலையில் முட்டையை எடுத்துவிடுவார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இரண்டு நாளாக ஈ வந்தது.

எங்கேயோ ஒன்று பறக்கும், ஜன்னல் கம்பியில் உட்காரும், டம்ளர் விளிம்பில் உட்காரும், கடைசியில் சுற்றிச் சுற்றி வந்து தழும்பின் மேல் உட்காரும். விரட்டினால் எழுந்து, விரட்டிய கை கீழே இறங்குவதற்குள் அதே இடத்துக்கு வரும். பிறகு இரண்டாகும். கூடவே ஒரு வாசனை. அழுகல் இல்லை. சீழ் இல்லை. புதிதாகத் தோண்டிய மண்ணில் தண்ணீர் ஊற்றினால் கிளம்புமே, அந்த வாசனை. வாசலில் சிமெண்ட் ரோடு, சுற்றிலும் மாடி வீடுகள், மழை பெய்து மாதங்கள் ஆகிவிட்டன. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். டெட்டால் ஊற்றிக் கழுவினாள். கையை மூக்கருகே கொண்டுபோனால் ஈர மண்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். சீழ் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் பயப்படாதே, ரத்த ஓட்டம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்றாள். நல்ல பதில். ரூபா அதை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா நடந்துகொள்கிற விதத்துக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. கூடமாட ஒத்தாசைக்கென்று பலமனேர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள் செங்கம்மா. தக்காளிக் காட்டில் கூலிக்கு நின்று மகளைப் படிக்கவைத்த பொம்பளை, பாம்பை மண்வெட்டியால் வெட்டிவிட்டு உட்கார்ந்து கூழ் குடித்தவள். அவள் இந்தக் கையைப் பார்க்க மறுத்தாள். தட்டு வைத்தால் வலப்பக்கமாகவே வந்து வைத்தாள். தூங்கும்போது வாசல்படியில் போய்ப் படுத்தாள். இன்று மதியம் சோறு போட்டுவிட்டு, ஒரு பிடி சோற்றில் எள்ளைத் தூவிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்ததை ரூபா பார்த்துவிட்டாள்.

எள்ளு. சாவுக்குப் போடுகிற எள்ளு.

"யாருக்கும்மா அது?"

செங்கம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். ரூபா விடவில்லை. கத்தவில்லை, கத்தியிருந்தால் அம்மா அழுது தப்பித்திருப்பாள். மெதுவாக, திரும்பத் திரும்ப, அதே கேள்வி. கடைசியில் செங்கம்மா எதிர்ச் சுவரோரம் குந்தினாள்.

அவர்கள் ஊரில், சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஒன்று செய்வார்கள். மாவில் பொம்மை பிடித்து, அதற்குப் பிள்ளையின் பெயரை வைத்து, சின்னதாகப் பாடை கட்டி, நெஞ்சிலடித்து அழுது புதைப்பார்கள். பெயர் தேடி வந்த சாவு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் பிழைத்த பிள்ளையைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"ரெண்டாவது மருந்து ஏத்தனப்போ ஒனக்குக் கண்ணு சொருவிக்கினு போச்சு. பூசாரி பொம்ம செய்யச் சொன்னாரு. நானு யோசிச்சேன். மாவக் குட்த்தா எமன் ஏமாறுவானா? ஒஞ் சதையே ஐசுல கீதே." செங்கம்மா தரையைப் பார்த்தே பேசினாள். "கடையில ஐசு வாங்கியாந்து ஒம் பாவாடையில சுத்தி, அதுக்கு ஒம் பேர வெச்சு ஏரிக்கரையில பொதைச்சேன். திருப்பதில கீறத எட்த்துக்கோ, இவள வுடுன்னேன். ஐசு உருகி மண்ணு நனையற வரிக்கும் அழுதேன். காரியமும் செஞ்சேன்."

ரூபாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம். கட்டி வந்தபோது பங்காளிகள் இவள் உடம்பை வைத்துப் பேசினார்கள், தேறமாட்டாள், செலவு வீண் என்று. கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் இவள் உடம்பை வைத்துப் பேசினார்கள். பெற்றவளும் பேசியிருக்கிறாள், சாவோடு. ஒருத்தரும் இவளைக் கேட்கவில்லை. அந்தத் துண்டு இவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்களே என்று கேட்டாள். நோயாளி மனசு தேற என்னென்னவோ சொல்வார்கள், அந்தத் துண்டையெல்லாம் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன் என்றாள் செங்கம்மா.

"அத்த எட்த்துப் போட்டுடு அம்மாடி. குட்த்தத திரும்ப வாங்கக் கூடாது. அதுல வர்றது ஒம் புள்ளயா இருக்காது."

"இதான் கடைசி. இத எட்த்தா எனக்குன்னு ஒண்ணுங் கெடையாது. தெர்தா ஒனக்கு?"

ஈ ஒன்று அவர்களுக்கு நடுவில் பறந்து வந்து, தழும்பில் இறங்கியது.

அப்போதுதான் ரூபாவுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அம்மா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மாடி. கண்ணு. ஏய், இந்தா. பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

"எம் பேர சொல்லு" என்றாள்.

"வோணாம்."

"நாந்தான் அது. உள்ள கீறது வெறுஞ் சதை. சொல்லிப் பாரு, ஒண்ணும் ஆவாது. அப்பறம் நிம்மதியா கார்ல ஏறலாம். சொல்லும்மா."

வெளியே தெருவில் சத்தமே இல்லை. செங்கம்மாவின் உதடு அசைந்து, அடங்கி, மறுபடி அசைந்தது. நகர்ந்து அருகில் வந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து, சின்னக் குரலில், கூப்பிட்டாள்.

"ரூபா."

இந்தா இருக்கிறேன் என்று சொல்ல ரூபா வாயெடுத்தாள்.

கை முந்திக்கொண்டது.

மடியில் கிடந்த இடது கை தானாகப் புரண்டு எழுந்தது. உள்ளங்கை மேலே திரும்பியது. விரல்கள் காற்றில் தடவின, கண் திறக்காததுபோல. செங்கம்மாவின் சுண்டுவிரல் தட்டுப்பட்டது. ஒவ்வொரு விரலாக மடிந்து, அதைப் பிடித்துக்கொண்டது. பிறந்த குழந்தை பிடிக்கிற பிடி.

ரூபா இழுத்தாள். தோள் வந்தது. முழங்கை வந்தது. அதற்குக் கீழே அவள் சொன்னது ஏறவில்லை. விரல் நகங்கள் வெளுத்தன. அவளுக்கு வலிக்கவில்லை. எதுவுமே தெரியவில்லை.

"அம்மா, வுடு."

செங்கம்மா விடவில்லை. விடுவிக்கப் பார்க்கவும் இல்லை. அவள் முகத்திலிருந்த பயம் எங்கேயோ போயிருந்தது. தலையைச் சாய்த்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை.

விலக்கு நின்று வருஷக்கணக்கான உடம்பு செங்கம்மாவுடையது. அவள் ரவிக்கையின் முன்பக்கம், இரண்டு இடத்தில், ஈரம் பூத்தது. மெல்ல அகன்றது.

பால்.

கை அந்தப் பக்கம் திரும்பியது.