சாகாத நோயாளிகள்

காலை பத்து மணிக்கு அந்தப் பிரேதம் அவளுடைய கணினித் திரையில் வந்து விழுந்தது.

புற்றுநோய்க்கு நாடு முழுவதும் யார் என்ன சிகிச்சை பெறுகிறார்கள், யார் பிழைக்கிறார்கள், யார் போய்ச் சேருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் அலுவலகம் அது. அவள் அங்கே ஆய்வாளர். பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கணக்கில் ஒரு முடி பிசகினாலும் கண்டுபிடித்து எல்லார் உயிரையும் வாங்குவாள் என்பதால் வைத்த பெயர்.

இறந்தவர் ஒரு பஸ் டிரைவர். நாற்பதைத் தாண்டியவர். சாலை விபத்து. அவரைப் பற்றி இரண்டு தகவல்கள் வந்திருந்தன. ஆஸ்பத்திரி சொன்னது: குடலில் புற்றுநோய், கல்லீரல் வரை பரவியிருக்கிறது, ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னது: குடல் சுத்தம், கல்லீரல் சுத்தம், புற்றுநோய் இருந்த அடையாளமே இல்லை.

இயக்குநர் அதைப் படித்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"குணமாயிடுச்சும்மா! மாத்திரை வேலை செஞ்சிருக்கு. நாளைக்குக் கமிட்டி. இதைவிட வேற சாட்சி வேணுமா?"

குடல் புற்றுநோய்க்கு இனி நரம்பில் டிரிப் ஏற்ற வேண்டாம், மாத்திரை மட்டும் போதும் என்று நாடு முழுவதற்கும் முடிவெடுக்கப் போகிற கமிட்டி. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் சாகவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக அவர்கள் அலுவலகக் கணக்கு சொன்னது. இயக்குநரின் திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சை. "பச்சை வந்தாப் போதும்மா, வேற எதையும் கேக்காதீங்க" என்பது அவர் வாய்ப்பாடு. லிஃப்ட் வந்தாலும் அதையேதான் சொல்வார்.

"சார், ஆறின புண்ணுக்குக்கூடத் தழும்பு இருக்கும். இந்தக் கல்லீரல்ல ஒரு கீறல் இல்லையே."

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா அபசகுனமாப் பேசறீங்க?" என்று அவர் போய்விட்டார்.

அவள் தொலைபேசி அடித்தது. அத்தான் எண். பேசியது அக்கா.

"ஏன் அத்தான் போன்ல கூப்பிடறே?"

"என் போனுக்கு என்னை மறந்து போச்சுடி குட்டி. தேச்சுத் தேச்சுப் பார்க்கிறேன், திறக்க மாட்டேங்குது. அது கிடக்கட்டும். நாலு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். டிரிப் வேண்டாம், மாத்திரையே போதும்னு கையெழுத்துப் போட்டுடறேன். நீ சொன்னதுதானே?"

அவள்தான் சொன்னாள். அக்காவுக்கும் குடலில்தான். இரண்டு மாதமாக மாத்திரை. டிரிப் ஏற்றிக்கொண்டவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்ததைப் பார்த்து அக்கா நடுங்கிப்போனபோது, தன் அலுவலகக் கணக்கைக் காட்டி, "மாத்திரை போதும் அக்கா, இதைச் சாப்பிட்டவங்க அநேகமா யாரும் சாகலை" என்று சொன்னவள் இவளேதான்.

"நான் வர்றவரைக்கும் கையெழுத்துப் போடாதே."

"ஏன்டி, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லை. நான் வர்றேன்."

டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவருடைய மைத்துனர்.

"அவருக்குப் புற்றுநோய்னு பதிவாகியிருக்குங்க."

"யாருங்க சொன்னது? அவர் கல்லு மாதிரி இருந்தாரு. நோய் எங்க தங்கச்சிக்கு. அவரு சம்சாரத்துக்கு."

"அவங்க இப்போ?"

"போன மாசம்தான் போயிட்டாங்கம்மா. இப்போ இவரும்..."

"மன்னிச்சுடுங்க. ஒரே ஒரு கேள்வி. மாத்திரை வாங்க யார் போவாங்க?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவாங்க. அவளைத் தனியா விடவே மாட்டாரு."

அவள் போய் இதைச் சொன்னதும் இயக்குநரின் முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் அசரவில்லை.

"புரிஞ்சுபோச்சு. கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு, கூட வந்த ஆளு பேர்லயும் மாத்திரை எழுதிச் சுருட்டியிருக்கா. ஒரு திருட்டுக்காக மொத்தக் கணக்கும் தப்பாகிடுமா? போலீஸைக் கூப்பிடறேன்."

"ஒரு மணி நேரம் பொறுங்க சார்."

மாத்திரையால் பிழைத்தவர்கள் என்று கணக்கு கொண்டாடிய ஆட்களை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தாள். முற்றிய புற்றுநோய் உள்ள ஒருவர் ரத்த தானம் செய்திருந்தார். இன்னொருத்தி சுகப்பிரசவத்தில் பிள்ளை பெற்றிருந்தாள். அட, நோயாளிகளா இவர்கள்! அதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. இவர்களில் ஒருவர்கூட முதல் தவணை மாத்திரையோ இரண்டாவது தவணையோ வாங்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது தவணை. அதே நாளில், அதே கவுன்ட்டரில், இரண்டு தவணை வாங்கிய வேறொருவர் வருவதை நிறுத்தியிருந்தார். அப்படி நின்றவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது அலுவலக வழக்கம். அவர்கள் பிறகு செத்தாலும் யாரும் எண்ணமாட்டார்கள்.

முதல் இரண்டு தவணையில் ஆட்கள் எப்போதும்போல் செத்திருக்கிறார்கள். மூன்றாவது தவணையிலிருந்து எமன் லீவு போட்டுவிட்டானா?

நாட்டின் மற்ற ஆஸ்பத்திரிகளின் பதிவுகளையும் பார்த்தாள். எல்லா இடத்திலும் இதே கதை. ஊரெல்லாம் ஒரே மாதிரித் திருட முடியாது.

மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டருக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒல்லியான ஒரு பெண். அவள் முன்னால், அவர்கள் அலுவலகம் எல்லாக் கவுன்ட்டருக்கும் கொடுத்திருந்த விரல்ரேகை மெஷின். நாட்டில் எல்லோருடைய ரேகையும் அதில் பதிவு. ரேகை பொருந்தினால் பச்சை விளக்கு எரியும், அந்த ஆளின் பக்கம் திரையில் திறக்கும், பின்னால் மருந்து அலமாரியின் பூட்டு விடுபடும். பொருந்தாவிட்டால் சிவப்பு. அலமாரி அசையாது. ஒவ்வோர் ஆளும் போனபின் அந்தப் பெண் மெஷினின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாத்திரை குறையுதா?"

"ஒண்ணுகூடக் குறையாது மேடம். எண்ணிப் பாருங்க."

"டிரைவர் பேர்ல மாத்திரை போயிருக்கு. நோய் அவர் மனைவிக்கு. எப்படி?"

அந்தப் பெண் மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள்.

"வேலை போயிடும்னு பயமா?"

"வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன் மேடம்."

"எதுக்கு அந்தக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"பிசுபிசுன்னு ஆயிடுது. களிம்பு."

பூதக்கண்ணாடி அந்தத் துணியை வாங்கி முகர்ந்தாள். தெரிந்த வாசனை. அக்காவின் கையில் வரும் அதே வாசனை. இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கை எரியும், தோல் உரியும், விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். அக்காவும் இரவு பகலாகக் களிம்பு தடவுகிறாள். தேச்சுத் தேச்சுப் பார்க்கிறேன், திறக்க மாட்டேங்குது. கடவுளே, காலையிலேயே அக்கா சொல்லிவிட்டாள்! இத்தனை பெரிய பூதக்கண்ணாடி பக்கத்திலிருந்த காதைப் பயன்படுத்தவில்லை.

"அவங்க விரல்ல ரேகை இல்லை. அதானே?"

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"முதல் ரெண்டு தடவை பச்சை வரும் மேடம். மூணாவது தடவை வரும்போது தோல் உரிஞ்சிருக்கும். எத்தனை தடவை வச்சாலும் சிவப்பு. மருந்து இல்லை, போங்கன்னு எப்படிச் சொல்றது? அவங்க நிக்கக்கூட முடியாம நிக்கிறாங்க. அதான் கூட வந்தவங்களை விரல் வைக்கச் சொன்னோம். அவங்க பக்கம் திறக்கும். நோயையும் மருந்தையும் அதுலயே போட்டுக் குடுத்துடுவோம்."

"நீங்களா முடிவு பண்ணீங்களா?"

"இல்லை மேடம். மெஷின் வந்த புதுசுல எல்லாக் கவுன்ட்டரும் இதைத்தான் கேட்டோம். தலைமை ஆபீஸ்லருந்து எல்லாரையும் ஒண்ணா போன்ல சேர்த்துப் பேசினாங்க. யாரு என்னன்னு தெரியாது. ஆனா சொன்னது ஞாபகம் இருக்கு. 'யாராவது விரல் வைக்கட்டும்மா. பச்சை வந்தாப் போதும், வேற எதையும் கேக்காதீங்க'ன்னாங்க."

இரண்டரை மணி. இயக்குநரின் அறை. அவர் கையில் போலீஸ் நிலையத்தின் எண்.

"என்னம்மா, அவ ஒத்துக்கிட்டாளா?"

"திருட்டே நடக்கலை சார். மாத்திரை எல்லாம் நோயாளிக்குத்தான் போச்சு. பேர்தான் மாறிப்போச்சு. மாத்திரை ரேகையை அழிச்சிடுது. உங்க மெஷின் ரேகை கேக்குது. கூட வந்த புருஷன், பிள்ளை, தங்கச்சி விரல் வச்சாங்க. நாம அவங்களை நோயாளின்னு எண்ணினோம். அவங்க எப்படி சார் சாவாங்க? அவங்களுக்குத்தான் நோயே இல்லையே. உண்மையான நோயாளிங்க வர்றதை நிறுத்திட்டாங்கன்னு நாமே தூக்கிப் போட்டோம். செத்ததெல்லாம் அந்தப் பக்கம்."

"இப்படிச் செய்யச் சொன்ன முட்டாள் எவன்?"

"பச்சை வந்தாப் போதும், வேற எதையும் கேக்காதீங்கன்னு சொன்னவர்."

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னைக்கு... ஏதோ அவசரம்மா. வரிசையில நிக்கிறவங்களுக்கு மருந்து போய்ச் சேரட்டும்னுதான் சொன்னேன். சத்தியமா இதை யோசிக்கவே இல்லை."

"நம்பறேன். நிறுத்தப்பட்டவங்களைத் திரும்பச் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்க, டிரிப் போட்டவங்களைவிடச் சீக்கிரம் போயிருக்காங்க."

"கமிட்டி நடக்கட்டும். அப்புறம் மெதுவாத் திருத்திக்கலாமே."

அவள் அவருடைய விசைப்பலகையை இழுத்து ஓர் எண்ணைத் தட்டினாள். திரையில் ஒரு பெண்ணின் பக்கம் வந்தது. வருகை நிறுத்தப்பட்டது. அடுத்து இன்னோர் எண். ஓர் ஆண். குடல் புற்றுநோய், மூன்றாவது தவணை.

"இது என் அத்தான். ஒரு தலைவலிகூட வந்ததில்லை. முன்னாடி பார்த்தது என் அக்கா. இப்போ ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கா. உயிரோட. உங்க கணக்குல அவ இல்லவே இல்லை சார். இந்தக் கணக்கை நம்பி நான்தான் அவளுக்கு டிரிப் வேண்டாம்னு சொன்னேன்."

இயக்குநர் போனை எடுத்தார். கமிட்டியை நிறுத்தச் சொன்னார். கவுன்ட்டர்களில் ரேகை கட்டாயமில்லை, நோயாளி எண்ணைக் கையால் தட்டுங்கள் என்றார். அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு என்னுடையது என்றும் சொன்னார்.

நாலு மணி. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அக்கா. பக்கத்தில் அத்தான், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழுப்பவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே தன் உரிந்த விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ பிழைச்சவங்கன்னு சொன்னியே, அவங்கல்லாம் யாருடி?"

"துணைக்கு வந்தவங்க அக்கா."

"எல்லாருமா?"

"அநேகமா எல்லாரும்."

அக்கா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? உங்களுக்கு ஆயுசு கெட்டியாம்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாக மாறிவிட்டது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"ரெண்டு மாசம் போச்சேடி குட்டி."

"என்னாலதான் அக்கா."

"டிரிப் போட்டா பிழைப்பேனா?"

"தெரியாது. நாள் கூடும். அதுக்கு மேல சொன்னா பொய்."

"பொய்யே சொல்லேன்டி."

அவளால் முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். களிம்பு இவள் கையிலும் ஒட்டியது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, வா. அந்த டாக்டர் காத்துக்கிட்டிருப்பார்."

டாக்டர் எழுதிக் கொடுத்த டிரிப் மருந்துக்காகக் கவுன்ட்டருக்குப் போனார்கள். அக்கா விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. அத்தான் பழக்கத்தில் கட்டைவிரலை நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தான். இது அவளுக்கு."

கவுன்ட்டர் பெண் எண்ணைக் கேட்டு, ஒவ்வொரு இலக்கமாகக் கையால் தட்டினாள். திரையில் அக்காவின் பக்கம் திறந்தது. பின்னால் அலமாரியின் பூட்டு விடுபட்டது. மெஷினில் மட்டும் விளக்கு மாறவே இல்லை.

"சிவப்பாவே இருக்கேடி?" என்றாள் அக்கா, பயந்துபோய்.

"இருக்கட்டும் அக்கா. பச்சை வந்தா அது வேற யாரோ. சிவப்புன்னா நீதான்."