ஐந்தாவது வரி

டேட்டாபேஸில் நாலு வரிகள்தான் இருந்தன. புரோகிராமோ ஒவ்வொரு முறையும் ஐந்தாவது வரியில் தடுக்கி நின்றது.

“பெயர் இல்லை. ஆளாக்க முடியவில்லை.”

அந்தப் பிழைச் செய்தியை எழுதி வைத்தவளே லவீனாதான். கடலுக்குப் போகிறவர்களை மீனவர் சங்கத்துக் கொப்பியில் பதிகிறவர்கள் படகின் இலக்கத்தை முதல் ஆளுக்கு மட்டும் எழுதி, கீழே வெறுமையாக விடுவார்கள். வெறுமை என்றால் மேலே உள்ளதே என்று அர்த்தம். அவளுடைய புரோகிராம் அந்த வரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பெயரும் படமும் உள்ள ஓர் ஆளாகத் திரையில் நிறுத்தும். இன்று நிறுத்தவில்லை. மழை தகரத்தில் இரைந்துகொண்டிருக்க, மூடிய அறைக்குள் எங்கிருந்தோ ஈரவலையின் வாடை வந்து, விரல் நுனிகளில் உப்பாகப் பிசுபிசுத்தது. அந்த நாலு பேர் போன படகின் கடைசி ஆள் அவள் தம்பி லெனாட். விடியவே கரைக்கு வந்திருக்க வேண்டியவன்.

சங்கச் செயலாளர் அடைக்கலநாதன் மறுபடி போன் எடுத்தார்.

“பிள்ளை, தேடப் போற படகு வெளிக்கிட்டு நிக்குது. படத்தோடை பட்டியல் கேக்கிறாங்கள். நாலு பேரை எண்ண உனக்கு இவ்வளவு நேரமோ?”

“ஓம் அண்ணை, இப்ப அனுப்பிறன்.”

ஐந்தாவது வரியைப் பிரித்துப் பார்த்தாள். பெயர் காலி. படம் காலி. கரை சேர்ந்த நேரம் மட்டும் இருந்தது. 4.10.

சுவர்க் கடிகாரத்தில் இப்போதுதான் மாலை 4.05.

ஆராய நேரமில்லை. படகு இலக்கத்துக்கு எழுதிய விதியையே பெயருக்கும் படத்துக்கும் எழுதினாள். வெறுமையென்றால், மேலே உள்ளது.

ஓட்டினாள். பிழை வரவில்லை.

“ஆர் இப்ப தம்பின்ரை பேரைச் சொன்னது?” குசினியிலிருந்து அம்மா கேட்டாள்.

“நான் வாயே திறக்கேல்லை, அம்மா.”

திரையில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் லெனாட். நாலாவது ஆளுக்குப் பெயர் இல்லை. படம் இல்லை.

போன்.

“படகு வந்திட்டுது, பிள்ளை. நாலு பேரும் உயிரோடை.” அடைக்கலநாதன் குரலைத் தாழ்த்தினார். “ஆனா உன்ரை தம்பி... பேர் கேட்டா முழிக்கிறான். அவன்ரை முகத்திலை... பிள்ளை, முகத்திலை ஒண்டும் இல்லை.”

4.10.

கதவு தட்டப்பட்டது.

“ஆரது?” அம்மா ஓடினாள்.

“லெனாட்,” என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

“அம்மா, திறவாதை!”

கதவின் கொழுக்கி விழுந்தது. கடல்நீர் வாசலைத் தாண்டி உள்ளே பரவியது. வாசலில் தம்பியின் முகம். படத்தில் இருந்த அதே முகம், அதே இமைக்காத பார்வை. படம் முடிகிற தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை.

“என்ரை ராசா,” என்று அம்மா அதைக் கட்டிக்கொண்டாள்.