வாசலில் கிடந்த செருப்பு

"ஐயோ... கொலை!"

தம்பானூர் லாட்ஜ் மாடியிலிருந்து வந்தது, அறை பெருக்கும் முத்தாரம்மாளின் அலறல்.

தரையில் பகவதிப்பெருமாள். நெஞ்சில் கத்தி.

பக்கத்தில் கோலப்பன்... வெற்றிலைப் பெட்டியை அக்குளில் இடுக்கியபடி.

"நான்தான் குத்தினேன் ஏமானே."

அப்போதுதான் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் நீலகண்டன் இன்னும் எதுவும் கேட்கவே இல்லை.

"எதுக்குவே?"

"தலைவரைத் துரோகின்னு சொன்னான்."

ஆண்டு 1954. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிச் சிறைக்குப் போனவர் தலைவர் குற்றாலலிங்கம். அவரைச் சிறையில் போட்ட அதே சர்க்காரில் நாளை மந்திரி!

"கொள்கை என்னாச்சுன்னு கேட்டிருப்பான். தப்பா?"

"கொள்கை கிள்கையெல்லாம் பகவதிக்கு. எனக்குத் தலைவர்தான்."

"தூக்குல தொங்குவே."

"அவருக்காகத்தானே..."

நீலகண்டன் வாசலைப் பார்த்தார். ஒரு ஜோடிச் செருப்பு.

"யாருது?"

"என்னுது."

"கொல்ல வந்தவன் மரியாதையாச் செருப்பைக் கழற்றி வச்சிட்டா வருவான்? தலைவர் இருக்கிற ரூமுக்குள்ள நீ செருப்போட நுழைய மாட்டே. உங்க கரமனைத் தெருவுக்கே தெரியும். அவரு உள்ள இருந்தாரு, இல்லையா?"

கோலப்பன் வெற்றிலைப் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

படியில் காலடி. புது ஜிப்பா சரசரக்கத் தலைவர் உள்ளே வந்தார்.

"நான் இன்னைக்கு இந்தப் பக்கமே வரல இன்ஸ்பெக்டர். இந்தக் கோலப்பன் என் பேரைச் சொல்லி வசூல் பண்ணித் தின்ன களவாணி. பகவதி கண்டுபிடிச்சிருப்பான். பாவம்... நல்ல தொண்டன்."

"அண்ணாச்சி... நானா களவாணி?"

"வாயை மூடுலே."

கோலப்பன் பிணத்தைப் பார்த்தான்.

"சாகும்போது சொன்னான் ஏமானே. நாளைக்கு உன்னையும் விப்பாருலேன்னு... நாளை வரைக்கும்கூட ஆகல."

வாசலுக்கு நடந்தான். தடுக்கப் போன போலீஸ்காரரை நீலகண்டன் கண்ணால் நிறுத்தினார்.

கோலப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான்.

டப்... டப்... டப்...

தலைவருக்கு நேர் எதிரே வந்து நின்றான். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே தலைவர் தோளில் போடும் ஜரிகை நேரியல். முழுக்க ரத்தம்!

"நான் பார்த்துக்கிடுதேன், நீங்க போங்கன்னு அனுப்பி வச்சது நான். குத்துனது இவரு."

தலைவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

நீலகண்டன் அவர் காலைப் பார்த்தார். மந்திரி பதவிக்காக வாங்கிய பளபளக்கும் தோல் செருப்பு.

"அதை நீங்க கழற்றிடுங்க தலைவரே... லாக்கப்புக்குள்ள செருப்பு போட விடமாட்டோம்."